பத்தியாளரும் வார்ப்புத் தகடும்

நாளேட்டில் ஒருவர் தம் பெயரிட்டு, குறித்த நாள்களில் தொடர்ந்து எழுதும் கருத்துரை பத்தி எனப்படும். தலையங்கம் ஏட்டின் குரலாக ஒலிக்க, பத்தியோ எழுதியவரின் தனிப்பொறுப்பாகவே நிற்கும். இந்தத் தனிப்பொறுப்பின் பெருமையையும் ஆபத்தையும் ஒருசேரக் காட்டுவது, அமெரிக்கப் பத்தியாளர் வால்டர் லிப்மனின் வாழ்க்கை.

1889இல் நியூயார்க்கில் பிறந்து, ஹார்வர்டில் பயின்று, 1914இல் 'நியூ ரிபப்ளிக்' இதழைத் தொடங்கியவர்களுள் ஒருவரான லிப்மன், 1922இல் 'பொதுமக்கள் கருத்து' என்னும் பொருள்படும் தலைப்பில் ஒரு நூலை வெளியிட்டார். 'ஸ்டீரியோடைப்' என்ற சொல்லுக்கு இன்றுள்ள பொருள் பரவியது அந்நூலால்தான். அதுவரை அது அச்சுக்கூடத்துச் சொல்: கோத்து முடித்த எழுத்துகளின்மேல் ஈரக் காகிதக் கூழை அழுத்தி அச்செடுத்து, அதில் ஈயக் கலவையை உருக்கி ஊற்றினால் கிடைக்கும் தகட்டுக்கு அப்பெயர். ஒருமுறை வார்த்துவிட்டால் அதில் ஓர் எழுத்தைத் திருத்துவதும் எளிதன்று. மனிதர் உலகை நேராகக் காண்பதில்லை, மனத்தில் முன்பே வார்த்து வைத்த உருவங்களின் வழியாகவே காண்கின்றனர் என்பது லிப்மனின் வாதம்.

'நியூயார்க் வேர்ல்டு' ஏடு 1931இல் நின்றுபோனதும், அதன் தலையங்கப் பக்கத்தை நடத்திவந்த அவர், எதிர்முகாமான குடியரசுக் கட்சிச் சார்புடைய 'ஹெரால்டு டிரிபியூன்' ஏட்டில் 'இன்றும் நாளையும்' என்ற பத்தியைத் தொடங்கினார். ஒரே கட்டுரையைப் பல ஏடுகளுக்கு விற்கும் சிண்டிகேட் முறையால் அது நாடெங்கும் பரவியது. வாசகர் அதற்குக் கொடுத்த மதிப்பு சற்று அதிகமே என்று சொல்லலாம். 1932இல் அதிபர் பதவியை நாடிய ரூஸ்வெல்ட்டை, அப்பதவிக்குரிய தகுதி பெரிதாக இல்லாத இனிய மனிதர் என்று எடைபோட்டவரும் இவரே.

அதனினும் பெரிய பிழை 1942 பிப்ரவரி 12இல் நேர்ந்தது. முத்துத் துறைமுகத்தை ஜப்பான் தாக்கிய பின், மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் நாசவேலையில் ஈடுபடக்கூடும் என்று எச்சரித்த லிப்மன், அதுவரை அப்படி எதுவும் பெரிதாக நிகழாததையே, பெருந்தாக்குதலுக்காக அவர்கள் காத்திருப்பதன் அடையாளமாகக் காட்டினார். சான்று இல்லாமையே சான்றாகிவிட்டது. தகடு எப்போதோ வார்க்கப்பட்டிருந்தது. ஏழாம் நாள் அதிபர் ரூஸ்வெல்ட்டின் ஆணை வெளிவர, ஏறத்தாழ 1,20,000 பேர் வீடிழந்து முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். படைத்தலைவர்களும் அரசியல்வாதிகளும் அவர்களை வெளியேற்றக் கோரி முன்பே நெருக்கிவந்ததால், அந்த ஒரு பத்தியே காரணம் என்பது மிகை. ஆயினும் நிதானத்துக்குப் பேர்போன எழுத்து அக்கோரிக்கைக்கு ஒரு கண்ணியத்தைத் தந்தது.

'பனிப்போர்' என்ற சொல்லைப் பரவலாக்கிய 1947ஆம் ஆண்டு நூலாலும், சோவியத் தலைவர் குருஷ்சேவின் நேர்காணலுக்காக 1962இல் பெற்ற புலிட்சர் பரிசாலும் அவருடைய புகழ் மேலும் உயர்ந்தது. 1964இல் விடுதலைப் பதக்கம் அளித்துச் சிறப்பித்த அதிபர் ஜான்சனையே வியட்நாம் போருக்காக அடுத்த ஆண்டுகளில் கடுமையாக எதிர்த்தெழுதி, வெள்ளை மாளிகையின் வெறுப்பைத் தேடிக்கொண்ட லிப்மன், 1967இல் பத்தியை நிறுத்தி, வாஷிங்டனை விட்டு நியூயார்க்குக்கே திரும்பி, 1974 டிசம்பரில் அங்கே காலமானார்.