ஜாம், ஜெல்லி, மார்மலேட், முரப்பா
(மகளிர் குழுவினருக்கான பழப் பதன பயிற்சியில் ஆற்றிய உரை)



பழனியை அடுத்த ஆயக்குடி, கொய்யாவுக்குப் பெயர்பெற்ற ஊர். காய்ப்பு மிகுந்த நாட்களில் அங்கு விலை சரிகிறது. பழுத்த கொய்யாவோ சில நாட்களே தாங்கும். வந்த விலைக்கு விற்பதன்றி உழவருக்கு வேறு வழியில்லை. இந்த நஷ்டத்தைக் குறைக்கச் சர்க்கரையில் பதப்படுத்துவது நல்ல உபாயம். ஆனால், எந்தப் பழம் எந்தப் பண்டத்துக்கு ஏற்றது என்று அறியாமல் அடுப்பேற்றினால், பழத்தோடு சர்க்கரையும் வீணாகும்.

பழத்தின் சதையை மசித்துச் சர்க்கரையுடன் கெட்டியாகக் காய்ச்சுவது ஜாம். வடித்த சாற்றை மட்டும் காய்ச்சி உறையவைப்பது ஜெல்லி. அது கண்ணாடிபோல் தெளிந்திருக்க வேண்டும். ஆரஞ்சு போன்ற பழங்களின் ஜெல்லியில் தோல் துண்டுகளைச் சேர்த்தால் மார்மலேட். பழத்தை முழுதாகவோ துண்டுகளாகவோ பாகில் ஊறவைப்பது முரப்பா. நெல்லிக்காய் இதற்கு உகந்தது.

ஜெல்லி உறைவதற்குப் பெக்டின், புளிப்பு, சர்க்கரை ஆகிய மூன்றும் தக்க அளவில் சேர வேண்டும். கொய்யாவில் பெக்டின் மிகுதி, விதையும் மிகுதி. ஆகவே அது ஜெல்லிக்கு மிகவும் ஏற்றது. அளவுக்கு மீறிக் கனிந்தால் பெக்டின் குறையும். எனவே செங்காய்களையும் சேர்த்து வேகவையுங்கள். சாற்றைத் துணியில் கட்டித் தானாக வடியவிடுங்கள், பிழிந்தால் கலங்கும். புளிப்புக்கு எலுமிச்சைச் சாறு சேர்க்கலாம். கரண்டியிலிருந்து சொட்டாமல் தகடுபோல் விழுவதே பதம்; அப்போது வெப்பம் சுமார் 105 டிகிரி சென்டிகிரேட் இருக்கும். பெக்டின் குறைந்த பப்பாளி ஜெல்லிக்கு உதவாது. எலுமிச்சைச் சாறு சேர்த்து அதை ஜாமாக்கலாம்.

பழப் பண்டங்களுக்கென 1955-இல் மத்திய அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. இன்று அதன் இடத்தில் 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் உள்ளது. அதன் விதிகளின்படி, ஸ்ட்ராபெரி போன்ற சில நீங்கலாக, ஜாமுக்கு நூற்றுக்கு 45 பங்குக்குக் குறையாமல் பழம் இட வேண்டும். ஆறிய பண்டத்தில் கரைந்த திடப்பொருள் 65 பங்குக்குக் குறையலாகாது. இந்த 65 இனிப்புக்காக மட்டும் அன்று. அவ்வளவு சர்க்கரை உள்ள இடத்தில் நுண்கிருமிகள் வளரத் தேவையான நீர் அவற்றுக்குக் கிட்டுவதில்லை. சிக்கனம் கருதிச் சர்க்கரையைக் குறைத்தால் புட்டியில் பூஞ்சணம் பூக்கும். ஒரு புட்டி கெட்டாலும் வாங்கியவர் மறுமுறை வரமாட்டார்.

ஆதலால் பழத்தின் குணமறிந்து பண்டத்தைத் தேர்ந்தெடுங்கள், அளவைத் தவறவிடாதீர்கள். மலிந்த காலத்துக் கொய்யா மற்ற மாதங்களிலும் உங்களுக்கு வருவாய் தரும் என நம்புகிறோம்.