காட்டியது ஒன்று, கட்டித் தந்தது வேறொன்று

 

பாதி விலை என்று விளம்பரம் செய்து அழைப்பதும், சென்று கேட்டால் "அது தீர்ந்துவிட்டது, இதை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று விலை கூடிய பொருளைத் தலையில் கட்டுவதும் இன்று வியாபாரத் தந்திரமாகிவிட்டது. தோட்டக் கூலியில் மிச்சம் பிடித்த பணம் இவ்வாறு கைநழுவினால், அதை மீண்டும் சேர்க்க மாதங்கள் ஆகும் என்பதை நாம் அறிவோம்.

ஆசை காட்டி விற்பது நமது ஊருக்குப் புதிதன்று. 1880ஆம் ஆண்டையொட்டி, தேவாலா, பந்தலூர் மலைகளில் தங்கம் கொழிக்கிறது எனக் கூறி, முப்பதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் இங்கிலாந்தில் பங்குகளை விற்றன. நலிந்த காப்பித் தோட்டங்கள் தங்க நிலங்கள் என்ற பெயரில் பெரும் விலைக்குக் கைமாறின. சில ஆண்டுகளிலேயே, செலவுக்கு ஈடாகக்கூடத் தங்கம் தேறாமல் அந்நிறுவனங்கள் சரிந்தன. வாங்கியோர் கையில் எஞ்சியது காகிதமே.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கையை நுழைத்து, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டார்கள். நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என வினவி, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என எச்சரித்தார்கள். பால் கறக்காமல் மடியைப் பெருக்கிக் காட்டி விற்ற ஆட்டை, வாங்கியவர் மூன்று நாட்களுக்குள் திருப்பித் தரலாம் என்றும் தீர்ப்பளித்தார்கள். பெருத்த மடியும் பொய் விளம்பரமும் ஒன்றே அன்றோ!

நாட்டின் சட்டமும் இதைத் தடுக்கிறது. 1986ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பதிலாக வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. போதிய இருப்பின்றி, சொன்ன விலைக்கு விற்கும் வாய்ப்பின்றி ஆசை காட்டும் விளம்பரங்களை 2022ஆம் ஆண்டின் வழிகாட்டு நெறிகள் தடை செய்கின்றன. 2023இல் இணைய வியாபாரத்திற்கும் இத்தகைய தடை வந்தது.

ஆகவே, ரசீது இன்றி எதையும் வாங்காதீர்கள். விளம்பரத் தாளைப் பத்திரப்படுத்துங்கள். ஏமாற்றப்பட்டால் 1915 என்ற எண்ணை அழையுங்கள். தீராவிடில், இரண்டு ஆண்டுகளுக்குள் உதகையிலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கியவற்றிற்குக் கட்டணமில்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை.

நம்மில் கடை நடத்தும் சகோதரர்களுக்கும் ஒரு சொல்: சலுகைப் பொருள் பத்தே இருந்தால், பத்து என்றே எழுதி வையுங்கள். அந்த நேர்மையே பரக்கத்தின் வாசல்.

அல்லாஹ் நம் கொடுக்கல் வாங்கலைத் தூய்மையாக்குவானாக! ஆமீன்.