பிள்ளையின் நாளொழுங்கு

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



சிறு பிள்ளைகளின் கல்வி பற்றிப் பேசும்படி காரியதரிசியார் என்னைக் கேட்டபோது சற்றுத் தயங்கினேன். பிள்ளைகளைப் பெற்று வளர்த்த பெரியோர் நிறைந்த சபையிலே, இன்னும் கல்யாணமாகாத ஒரு மாணவன் எதைச் சொல்வது? ஆயினும், பல்கலைக்கழகத்தில் நான் படிக்கும் பாடங்களுள் பிள்ளை வளர்ச்சியும் ஒன்று. வீட்டிலே தமக்கையாரின் பிள்ளைகள் இருவர் இருக்கின்றனர். இவ்விரண்டு தகுதிகளையும் கொண்டு ஒரு விடயத்தை மாத்திரம் எடுத்துக்கொள்கிறேன். வீட்டில் அன்றாடம் நடக்கும் சாதாரண காரியங்கள் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு எவ்வாறு பள்ளிக்கூடமாகின்றன என்பதே அது.

மூன்று வயதுப் பிள்ளைக்கு மணிக்கூடு பார்க்கத் தெரியாது. "நாளைக்கு மாமா வந்தவர்" என்று அது சொல்லும். போன வருஷத்துத் திருவிழாவும் அதற்கு "நேற்று"த்தான். நாம் சிரிக்கிறோம். ஆனால் அப்பிள்ளைக்குக் காலம் என்பது காரியங்களின் வரிசையே. முகம் கழுவியபின் பால், பால் குடித்தபின் முற்றம், விளக்கு வைத்தபின் சாப்பாடு, சாப்பிட்டபின் பாய், பாயிலே கதை. இந்த வரிசை நாள்தோறும் பெரும்பாலும் மாறாமல் வருமாயின், "முதல்", "பிறகு", "கொஞ்சம் பொறு" என்னும் சொற்களுக்குப் பொருள் உண்டாகின்றது. அடுத்து வருவது இன்னதென்று அறிந்த பிள்ளை பொறுத்திருக்கப் பழகும். அறியாத பிள்ளை அழும். அந்த அழுகைக்கு நாம் பிடிவாதம் என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

இனிக் குசினிக்கு வாருங்கள். இரவுச் சாப்பாட்டுக்குக் கோப்பை வைக்கும் வேலையை நான்கு வயதுப் பிள்ளையிடம் விட்டுப் பாருங்கள். அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, அம்மம்மாவுக்கு ஒன்று என்று அது வைக்கும். ஒன்று குறைந்தால் ஓடிப்போய் எடுத்துவரும். ஆளுக்கொரு கோப்பை என்று பொருத்துவதே கணிதத்தின் அத்திவாரம். "ஒன்று, இரண்டு" என்று இருபது வரை ஒப்புவிக்கும் பிள்ளைகள் பலர் இதைச் செய்யத் தடுமாறுவர். கிணற்றடியிலே எத்தனை வாளி வார்த்தோம் என்று எண்ணுவதும், இடியப்பத்தைப் பங்கிடுவதும் இந்த இனத்தவை. சேட்டுக்குப் பொத்தான் பூட்டும் விரல்களே நாளைக்குப் பென்சில் பிடிக்கும் விரல்கள். தாய் பூட்டினால் அரை நிமிஷம். பிள்ளை பூட்டினால் ஐந்து நிமிஷம். அந்த நாலரை நிமிஷத்தை மிச்சம் பிடிக்கப் போய்ப் பிள்ளையின் பாடம் ஒன்றை நாம் பறித்துவிடுகிறோம்.

இது புதுக் கொள்கையன்று. 1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் திகதி, உரோமாபுரியின் சான் லொரென்சோப் பகுதியிலே, தொழிலாளரின் பிள்ளைகளுக்கென மரியா மொன்ரிசோரி அம்மையார் ஒரு வீட்டைத் திறந்தார். அவர் வகுத்த முறையிலே கை கழுவுதல், நீர் ஊற்றுதல், பொத்தான் பூட்டுதல், கூட்டித் துடைத்தல் என்பன விளையாட்டல்ல; பாடங்களே. அம்மையார் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்தார்; 1944இல் இலங்கைக்கும் வந்தார். இன்று நம் நாட்டிலே சிறுவர் பள்ளி எதற்கும் அவர் பெயரையே வழங்குகிறோம். பலகையில் அவர் பெயர். உள்ளேயோ மூன்று வயதுப் பிள்ளை "அ" எழுதி அழுகின்றது! முழுக் குற்றத்தையும் ஆசிரியைமாரின் தலையில் போடேன். "என்ரை பிள்ளை எத்தனை எழுத்துப் படிச்சிட்டுது?" என்று வாசலில் நின்று கேட்கும் பெற்றார் யார்? நாமே.

ஒழுங்கு என்றவுடன் சிலர் கண்டிப்பை நினைப்பர். நான் மிசன் பாடசாலை விடுதியில் வளர்ந்தவன். அங்கே எழும்ப மணி, உண்ண மணி, படிக்க மணி. அம்மணியை நான் பழிக்கவில்லை. அதன் புண்ணியத்தால் இன்றும் ஐந்தரைக்கு விழிப்பு வருகின்றது. ஆனால் பன்னிரண்டு வயதுக்கு உகந்தது மூன்று வயதுக்கு உகவாது. சிறு பிள்ளைக்கு வேண்டியது மணியன்று, மனிதர். கடற்றொழிலாளர் வீட்டிலே தகப்பன் இரவிலே கடலுக்குப் போய் விடியலிலே கரை சேர்வார். அவ்வீட்டுப் பிள்ளையின் நாள், உத்தியோகத்தர் வீட்டுப் பிள்ளையின் நாளைப் போல இராது. இருக்கவும் வேண்டியதில்லை. மணி மாறலாம், வரிசையும், கூட இருந்து பேசும் ஆளும் இருந்தாற் போதும். பணம் வேண்டாத கல்வி இது ஒன்றுதான் போலும்.

இதன் அருமையை இங்குள்ள பெரியோர் என்னிலும் நன்கறிவர். 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் வீடு வாசலை விட்டு வெளியேறியபோது நான் பிறக்கவில்லை. எனினும், போய்ச் சேர்ந்த இடங்களில் மரநிழலிலே மீண்டும் பாடம் தொடங்கியதைப் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். யுத்தத்திலும் அனர்த்தத்திலும் சிக்கியோர்க்கு உதவுவது பற்றி 2007இல் சர்வதேச நிறுவனங்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டியும், வழமையான நாள் நடவடிக்கைகளை விரைவில் மீளத் தொடங்குவதை வலியுறுத்துகின்றது. வீடு போனாலும், காலையில் தலை இழுத்துவிடும் கை போகவில்லை என்று கண்ட பிள்ளைக்கு உலகம் முழுதும் இடிந்துவிடவில்லை.

நித்திரை பற்றியும் சொல்லவேண்டும். உலக சுகாதார ஸ்தாபனம் 2019இல் கூறியபடி மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்குப் பகல் தூக்கமும் சேர்த்து நாளொன்றுக்கு 10 முதல் 13 மணித்தியாலம் நித்திரை வேண்டும். திரை பார்ப்பதோ ஒரு மணித்தியாலத்துக்கு மேற்படலாகாது. இரண்டு வயது நிரம்பாத பிள்ளைக்குத் திரையே வேண்டாம். ஆழ்ந்த நித்திரையிலேதான் வளர்ச்சிச் சுரப்பு மிகுதியாக ஊறுகின்றது. பகலில் கற்றது மனத்திற் படிவதற்கும் நித்திரை வேண்டும். ஆனால் நம் வீடுகளிற் காண்பது என்ன? கைத்தொலைபேசியைக் காட்டி வாய்க்குள் சோற்றைத் திணிக்கிறோம். கோப்பை வெறுமையாகின்றது, உண்மை. தான் தின்றது என்ன, வயிறு நிறைந்ததா என்பது பிள்ளைக்குத் தெரியாது. பேச்சுமில்லை. பின்பு அதே தொலைபேசியோடு பத்தரைக்குப் படுக்கை.

அதற்குப் பதிலாகக் கால் கழுவி, பாய் விரித்து, ஒரு கதை. நேற்றுச் சொன்ன கதையையே பிள்ளை இன்றும் கேட்கும். ஒரு சொல் மாறினாலும் திருத்தும். அலுக்க வேண்டாம். திரும்பத் திரும்பக் கேட்டே அது சொற்களைத் தன்னுடையதாக்குகின்றது. வாலிப நண்பர்களே, கதை சொல்வது அம்மம்மாவின் வேலை என்று ஒதுங்காதீர்கள். தமக்கையின் பிள்ளைகளுக்கு நரிக்கதையை நான் முப்பது தரமாவது சொல்லியிருப்பேன். இப்போது நான் நிறுத்திய இடத்திலிருந்து மூத்தவள் தானே சொல்லி முடிக்கிறாள்.

கடைசியாக ஒரு விண்ணப்பம். நமது கூட்டங்கள் ஏழரைக்குத் தொடங்கி ஒன்பதரையைத் தாண்டுகின்றன. தாய்மாரின் மடியில் தூங்கி விழும் சிறார் மூவரை இங்கிருந்தே காண்கிறேன். அடுத்த மாதம் முதல் கூட்டத்தை மாலை ஐந்து மணிக்கு வைக்கலாமா என்பதைத் தலைவர் அவர்கள் இன்றே சபையிடம் கேட்கவேண்டும்.