இந்த ஊர்ல குடியிருக்கிறவங்க எத்தனை பேர்?

ஒரு ஊரை விட்டுப் பணமும் அதிகாரமும் வெளியே போயிட்டா என்ன ஆகும்? அதைவிட முக்கியமான கேள்வி, அதெல்லாம் திரும்பி வரும்போது என்ன ஆகும்? கங்கைகொண்ட சோழபுரத்தை வெச்சு இன்னைக்கு அதைப் பேசலாம்.

முதலாம் ராஜேந்திரன் உருவாக்கின இந்த நகரம் சுமார் 250 வருஷம் சோழர்களோட தலைநகரம். 13-ஆம் நூற்றாண்டுல அவங்க ஆட்சி முடிஞ்சது. இன்னைக்கு இது அரியலூர் மாவட்டத்துல ஒரு கிராமம். அரண்மனை இருந்த மாளிகைமேட்டுல செங்கல் அடித்தளம்தான் மிச்சம்.

1836-ல கொள்ளிடத்துல கீழணை கட்டினப்போ, கோயில் மதிலோட கல்லைப் பெயர்த்து எடுத்துட்டுப் போனாங்க. ஊர் மக்கள் தடுத்துப் பார்த்தாங்க, தண்டனைதான் கிடைச்சது. பதிலுக்குச் செங்கல் மதில் கட்டித் தர்றோம்னு கொடுத்த வாக்கும் நிறைவேறலைன்னு 19-ஆம் நூற்றாண்டுப் பதிவே சொல்லுது. அணையால வயலுக்குத் தண்ணி வந்தது உண்மைதான். ஆனா அந்தக் கல்லை எடுக்கலாமான்னு முடிவு பண்ணினதுல ஊர்க்காரங்களுக்கு இடமே இல்ல.

இதே சிக்கலை வேற மாதிரி தீர்த்த ஒரு இடம் இருக்கு. அமெரிக்காவோட பாஸ்டன் நகரத்துல டட்லி தெரு. கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்கர், கேப் வெர்டி தீவுக்காரங்க, வெள்ளையர்னு எல்லாரும் கலந்து வாழ்ற உழைக்கிறவங்க பகுதி. வங்கிகள் கடன் கொடுக்கல, வீடுகள் எரிஞ்சுது, 1,300 மனை காலியாக் கிடந்தது. 1984-ல வெளியிலேர்ந்து ஒரு அறக்கட்டளை மறுவாழ்வுத் திட்டத்தோட வந்தது. கூட்டத்துல மக்கள் கேட்டாங்க: "உங்க குழுவுல இந்த ஊர்ல குடியிருக்கிறவங்க எத்தனை பேர்?" அந்தக் கேள்விக்கு அப்புறம் குழுவையே மாத்தி, குடியிருக்கிறவங்களுக்குப் பெரும்பான்மை கொடுத்தாங்க.

1988-ல காலி மனைகளைக் கையகப்படுத்துற அதிகாரமும் அவங்களுக்குக் கிடைச்சது. நிலம் பொது அறக்கட்டளைக்குச் சொந்தம். வீடு மட்டும் குடும்பத்துக்கு. வித்தா, விலைக்கு ஒரு உச்சவரம்பு உண்டு. 2008 நெருக்கடியில சுத்துவட்டாரத்துல வீடுகள் வரிசையா ஏலத்துக்குப் போச்சு. அறக்கட்டளை நிலத்துல இருந்த வீடுகள் பெரும்பாலும் தப்பிச்சது.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். 2004-ல கோயில் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆச்சு. 2025-ல சோழகங்கம் ஏரியைச் சீரமைக்கிற அறிவிப்பும் வந்தது. சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்திலேர்ந்து 100 மீட்டருக்குள்ள புதுசா வீடு கட்ட முடியாது. அதுக்கு அப்புறம் 200 மீட்டர் வரைக்கும் அனுமதி வேணும். கோயிலைக் காப்பாத்த அந்தச் சட்டம் அவசியம்தான். ஆனா அதைத் தாண்டி இருக்கிற நிலம், சுற்றுலாவால விலை ஏறினா யார் கைக்குப் போகும்? ஏரித் தண்ணி முதல்ல வயலுக்கா, படகுத்துறைக்கா?

அழகான வரைபடத்தோட யாராவது வந்தா, உங்க தெருவா இருந்தாலும் சரி, டட்லி தெரு மக்கள் கேட்ட அதே கேள்வியை முதல்ல கேளுங்க.