வயிறு மட்டுமா வேலை செய்கிறது?

(பத்து பெரண்டாமில் ரப்பர்த் தோட்டத் தொழிலாளர்களும் கிராணிமார்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



மனிதன் எதற்காக வேலை செய்கிறான்? எந்தத் தோட்டத்து ஆபீசில் இக்கேள்வியைக் கேட்டாலும், "காசுக்காக" என்ற ஒரே பதில்தான் வரும். காசைக் கூட்டினால் வேலை கூடும். கண்டிப்பைக் கூட்டினால் இன்னும் கூடும் என்பது அவர்கள் கணக்கு. இக்கணக்கு சரிதானா என்பதை இன்று உங்களோடு சேர்ந்து பார்க்க விரும்புகிறேன்.

முதலில் நம் தொழிலையே எடுத்துக்கொள்வோம். மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் நமது மலாக்காவில்தான் எழுந்தது. 1896-ம் ஆண்டில் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் என்ற சீனர் அதனை நட்டார். அன்றிலிருந்து மரத்தின் ரகம் மாறிவிட்டது, துரைமார் மாறிவிட்டனர், கம்பெனிகள் கைமாறிவிட்டன. மாறாதது ஒன்று. பட்டையில் உளி வைப்பது இன்றும் மனிதனின் கைதான்.

விடியற்காலையில் மரத்தினுள் பாலின் அழுத்தம் மிகுந்திருக்கும். ஆகவே வெயில் ஏறுமுன் நிரையில் இறங்குகிறோம். ஒருவர் கையில் நூற்றுக்கணக்கான மரங்கள். மெல்லிய சீவலாகப் பட்டையைச் சீவ வேண்டும். ஆழம் குறைந்தால் பால் குறையும். ஆழம் மிகுந்தால் மரத்தில் காயம் விழும். காயம் பட்ட இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பிறகு அங்கே ஒழுங்காக உளி ஓடாது. இன்று அவசரத்தில் விழுந்த காயத்தின் நஷ்டம் பல ஆண்டுகளுக்குப் பின்னும் தொடரும்.

இத்தனை மரங்களில் ஒவ்வொரு வெட்டையும் எந்தக் கங்காணி நின்று பார்க்க முடியும்? இருட்டில், தனியாக, ஒரு மயிரிழை ஆழத்தைக் கவனித்து வெட்டுகிறவனை நல்ல வேலை செய்ய வைப்பது எது? பயமானால், கங்காணி போனதும் அது போய்விடும். காசு மட்டுமானால், மங்கு நிறைவதோடு அக்கறை முடிந்துவிடும். மரத்தைக் காப்பது வெட்டுகிறவனின் மனம்.

அந்த மனம் எதைக் கேட்கிறது? இதற்கு நம் சரித்திரத்திலேயே பதில் இருக்கிறது. 1941-ம் ஆண்டில் சிலாங்கூரில், கிள்ளான் வட்டாரத் தோட்டப் பாட்டாளிகள் மாபெரும் வேலைநிறுத்தம் செய்தனர். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் திரு. ஆர். எச். நாதன் அதில் முன்னின்றார். அவர்களுடைய கோரிக்கைகளை நினைத்துப் பாருங்கள். சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி வேண்டும் என்றனர். பத்துப் பன்னிரண்டு மணி நேர வேலை ஒழிய வேண்டும், ஒழுங்கான வைத்தியம் வேண்டும் என்றனர். பிள்ளைகளுக்குப் படிப்பு வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும், எங்கள் பெண்களிடம் முறைகேடாக நடப்பது நிற்க வேண்டும் என்றனர். உற்றார் உறவினர் தடையின்றித் தோட்டத்துக்குள் வந்து போகவும், எங்களுக்கென்று ஒரு சங்கம் அமைக்கவும் உரிமை கேட்டனர்.

இவற்றோடு இன்னொன்றும் கேட்டனர். துரையோ சிப்பந்திகளோ எதிரே வந்தால், சைக்கிளில் போகும் தொழிலாளி இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்றனர்.

தோழர்களே! சைக்கிளை விட்டு இறங்காமல் போவதால் யாருக்காவது வயிறு நிரம்புமா? நிரம்பாது. ஆனாலும் அரைவயிற்றுக் கஞ்சி குடித்தவர்கள் அதைக் கேட்டார்கள். கூலியில் சிறிது ஏற்றம் கிடைத்த பிறகும் கொந்தளிப்பு அடங்கவில்லை. மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டார்; பின்னர் நாடு கடத்தப்பட்டார். பட்டாளம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் பாட்டாளிகள் உயிர் துறந்தனர்.

இரண்டு ஆண்டு கழித்து, 1943-ல், ஆபிரகாம் மாஸ்லோ என்ற அமெரிக்க உளநூல் அறிஞர் ஒரு கட்டுரை வெளியிட்டார். மனிதனை இயக்கும் தேவைகள் ஐந்து வகை என்றார். பசி தாகம் போன்ற உடலின் தேவை, ஆபத்தில்லாத வாழ்வு, அன்பும் உறவும், மதிப்பு, தன் திறமை முழுவதையும் வெளிப்படுத்தும் ஆசை. பெரும்பாலும் கீழ்ப்படி நிறைந்தபின் மேற்படி எழும் என்றார். இவ்வரிசை எல்லோருக்கும் இரும்புச் சட்டமல்ல என்பதையும் அவரே எழுதினார்.

கிள்ளான் பாட்டாளிகள் அவர் நூலைப் படித்தவர்களல்லர். ஆயினும் கூலி, பாதுகாப்பு, உறவு, மானம், பிள்ளைகளின் முன்னேற்றம் அத்தனையும் அவர்களுடைய கோரிக்கையில் இருந்தன. முதலில் வயிறு, மானம் பிறகு என்று அவர்கள் காத்திருக்கவில்லை. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்டார்கள். ஏழையின் மனமும் முழு மனம்தான் என்பதே அவர்கள் நமக்கு விட்டுச்சென்ற பாடம்.

அதன்பின் நாம் பெற்றவை கொஞ்சமல்ல. 1951-ல் ஊழியர் சேமநிதி வந்தது. 1954-ல் பல தோட்டச் சங்கங்கள் ஒன்றாகித் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. 1971-ல் சொக்சோ வந்தது. நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2013-ல் தீபகற்பத்தில் 900 வெள்ளி. 2025-ல் 1,700 வெள்ளி. இவையெல்லாம் போராடிப் பெற்றவை. இவை போதும் என்று யாரும் சொல்லவில்லை.

ஆனால் கூலியை மட்டும் வைத்து எல்லாவற்றையும் விளக்கிவிட முடியாது. இதே பத்து பெரண்டாமில் தடையற்ற வாணிபப் பகுதி தோன்றித் தொழிற்சாலைகள் எழுந்தபோது, தோட்டத்துப் பிள்ளைகள் அங்கே போனார்கள். சம்பளம் ஒரு காரணம். "தோட்டத்துக் கூலி மகன்" என்ற பேச்சைக் கேட்காமல் வாழலாம் என்பது இன்னொரு காரணம். மதிப்பில்லாத இடத்தில் இளைஞன் தங்கமாட்டான்.

கிராணிமார்களே! உங்களிடம் ஒரு வேண்டுகோள். பாலை நிறுப்பதும், அதில் காய்ந்த ரப்பர் எவ்வளவு என்று கணக்கெழுதுவதும் உங்கள் கையில் இருக்கிறது. கணக்கைத் தொழிலாளியின் கண்ணெதிரே காட்டுங்கள். கேட்டால் எரிந்து விழாமல் விளக்குங்கள். பெயர் சொல்லி, மரியாதையோடு கூப்பிடுங்கள். இதற்குக் கம்பெனிக்கு ஒரு காசும் செலவில்லை. நீங்களும் மேலே இருப்பவரிடம் இதே மரியாதையைத்தானே எதிர்பார்க்கிறீர்கள்?

சங்கக் கிளைகளுக்கும் ஒன்று சொல்வேன். அடுத்த பேச்சுவார்த்தைக்குப் போகும்போது, சம்பளக் கோரிக்கைக்குக் கீழே இன்னொரு பட்டியலும் இருக்கட்டும். நல்ல தண்ணீர், கூரை ஒழுகாத வீடு, நிரை மாற்றுமுன் கலந்து பேசுதல், நல்ல வெட்டுக்காரருக்குப் புதியவர்களைப் பழக்கும் பொறுப்பு. இவற்றைச் சில்லறை விஷயம் என்று யாராவது ஒதுக்கினால், 1941-ன் சைக்கிளை நினைவூட்டுங்கள்.

கடைசியாக ஒன்று. இன்று பல தோட்டங்களில் நம் பக்கத்து நிரையில் இந்தோனேசியத் தோழரும் வங்காளதேசத் தோழரும் நிற்கிறார்கள். மொழி தெரியாமல், குடும்பத்தைப் பிரிந்து, நம் பாட்டனார் கப்பலிலிருந்து இறங்கிய அதே நிலையில் நிற்கிறார்கள். "டேய்" என்று அவர்களை அழைக்கும் குரல் நம்முடையதாக இருக்கலாமா? நம் முன்னோர் சைக்கிளை விட்டு இறங்க மறுத்தார்கள். நம்மைக் கண்டு இன்னொருவர் இறங்கி நிற்கும்படி நாம் நடக்கக்கூடாது. அவரையும் சங்கத்துக்கு அழைத்து வாருங்கள் என்று கேட்டு, விடைபெறுகிறேன்.