உறைக்குள் வைக்கும் செல்கள்

(குழந்தைகளின் சர்க்கரை நோய் பற்றிய கூட்டத்தில் டிரஸ்ட் செயலாளர் ஆற்றிய உரை)



சென்ற மாதம் ஒரு வாப்பா நம் அலுவலகத்துக்கு வந்தார். பதினோரு வயது மகளுக்கு முதல் வகைச் சர்க்கரை. "உறைக்குள்ள செல்லை வச்சு உடம்புல வைப்பாங்களாம், அப்புறம் ஊசியே வேண்டாமாம். பல லட்சம் கேக்குறாங்க. ஜகாத் நிதியில உதவ முடியுமா?" என்று கேட்டார். அவரிடம் சொன்னதையே உங்களிடமும் சொல்கிறேன்.

இந்த நோயில், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தாக்கி அழித்துவிடுகிறது. பிள்ளை மிட்டாய் தின்றதால் வந்ததல்ல, உம்மாவின் வளர்ப்பில் குறையுமில்லை. (சில மாமிமார்கள் இதைக் கொஞ்சம் காதில் வாங்கிக்கொள்ள வேண்டும்.) வேறொருவரின் செல்லைக் கொண்டுவந்து வைத்தால் அதையும் உடம்பு தாக்கும். அதைத் தடுக்க, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்தைத் தொடர்ந்து சாப்பிட வேண்டும். அப்போது மற்ற தொற்றுகள் எளிதில் பிடித்துக்கொள்ளும்.

இதற்கு வழியாக வந்ததுதான் உறை. கொசுவலையை நினைத்துக்கொள்ளுங்கள்: காற்று வரும், கொசு வராது. செல்லைச் சுற்றி மெல்லிய சவ்வு. சர்க்கரையும் ஆக்சிஜனும் உள்ளே போகும், இன்சுலின் வெளியே வரும், தாக்க வரும் வெள்ளணு நுழைய முடியாது. 1980இல் லிம், சன் என்ற இரு ஆய்வாளர்கள் இப்படி உறையிட்ட செல்களை எலிகளுக்கு வைத்தார்கள். ஏறக்குறைய மூன்று வாரம் சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. அந்த உறைக்கு முக்கியப் பொருள் அல்ஜினேட். பழுப்புக் கடல்பாசியிலிருந்து எடுப்பது. ராமநாதபுரம் கரையில் நம் பெண்கள் கடலில் இறங்கிச் சேகரிக்கும் பாசிகளில் அதுவும் உண்டு.

யோசனை அருமையானது. நாற்பது வருடத்துக்கு மேலாகியும் ஏன் வரவில்லை? உறையையே உடம்பு அந்நியப் பொருளாகப் பார்க்கிறது. அதைச் சுற்றித் தழும்பு போலச் சதை மூடிக்கொள்கிறது. ஆக்சிஜன் போகாமல் உள்ளே இருக்கும் செல்கள் சாகின்றன. 2025 மார்ச்சில் வெர்டெக்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி, சர்க்கரைக்கான தன் உறை சோதனையைப் பலன் போதவில்லை என்று நிறுத்தியது. அதே மாதம் கண்ணுக்குள் வைக்கும் ஓர் உறைச் செல் சிகிச்சைக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்தது. அது ஒரு விழித்திரை நோய்க்கு. அந்தச் செய்தியைக் காட்டி யாராவது சர்க்கரைக்குப் பணம் கேட்டால் ஏமாறாதீர்கள்.

பன்றியின் செல் பற்றியும் ஒருவர் கேட்டார். நியூசிலாந்தில் அதை உறையிட்டுச் சோதித்தது உண்மை. கூடுமா கூடாதா என்பதை உலமாக்கள் சொல்வார்கள். ஆனால் நம் ஊர் டாக்டர் எழுதித்தரும் சிகிச்சையாக அது வரவில்லை.

அந்த வாப்பா பணம் கட்டவில்லை, அல்ஹம்துலில்லாஹ். எவர் எதைச் சொன்னாலும் முதல் வகைப் பிள்ளைக்கு இன்சுலினை நிறுத்தாதீர்கள். சில நாளிலேயே உயிருக்கு ஆபத்தாகிவிடும். அரசு ஆஸ்பத்திரியில் இன்சுலின் இலவசம். சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப் வாங்கச் சிரமப்படுவோர் டாக்டர் சீட்டுடன் அஸருக்குப் பின் நம் அலுவலகத்துக்கு வாருங்கள்.