தன்னை அறிதலும் தன்னைத் தொலைத்தலும்

(வெள்ளி விழா இளைஞர் அரங்கில் நிகழ்த்திய உரை)



நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் பட்டம் பெற்றனர், எத்தனை பேர் பணியில் அமர்ந்தனர் என்னும் கணக்கைச் செயலாளர் தம் அறிக்கையில் படித்தார். கேட்டு நெஞ்சம் நிறைந்தோம். நமக்கு அளிக்கப்பட்ட தலைப்போ கணக்கில் அடங்காதது. செய்திகளும் படங்களும் வெள்ளமெனப் பெருகும் இக்காலத்தில் ஒருவன் தன்னை அறிவது எங்ஙனம், அதற்குக் கிறித்தவ நம்பிக்கை எவ்வகையில் துணைநிற்கும் என்பதே அது. இவ்வவையில் கிறித்தவர் அல்லாதாரும் உளர். அவர்களும் இதனைத் தமக்குரிய செய்தியாகவே கேட்க வேண்டுகின்றோம். தன்னைத் தொலைத்தல் எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவான நோய்.

சென்ற ஆண்டு நாம் பணியாற்றும் பள்ளியில் பத்தாம் வகுப்பு மாணவர்க்கு ஒரு பாடவேளை முழுவதும் தந்து, “நான் யார்?” என்னும் தலைப்பில் ஒரு பக்கம் எழுதச் சொன்னோம். பலர் நான்கு வரிகளில் நின்றுவிட்டனர். எழுதியோரில் பெரும்பாலார் தாம் எந்த நடிகரின் இரசிகர், எந்தக் கிரிக்கெட் அணியை ஆதரிப்பவர் என்றே எழுதியிருந்தனர். ஒரு மாணவன் மட்டும் வேறு விதமாக எழுதினான். இன்ஸ்டாகிராமில் தனக்கு வேறொரு பெயர் உண்டு என்றும், அங்கே தன் தெருவின் பெயரை ஒருபோதும் சொல்வதில்லை என்றும், அங்கே தான் மகிழ்ச்சியாய் இருப்பதாகவும் எழுதியிருந்தான். அத்தாளுக்கு மதிப்பெண் இட நம் கை எழவில்லை. அவன் பொய் சொல்லவில்லை. தன்னை மறைத்துக்கொண்டால்தான் நிம்மதி என்று ஒரு பிள்ளை பதினைந்து வயதில் கற்றுக்கொண்டிருக்கின்றான். இதனை அவனுக்குக் கற்பித்தவர் யார்? கைப்பேசி மட்டுமன்று; ஊரும்தான்.

தோழர்களே, நாம் யார் என்பதைப் பிறர் சொல்லக் கேட்டே வளர்ந்த சமூகம் நம்முடையது. ஊர் ஒரு பெயர் வைத்தது. அரசு ஏடு ஒரு பெயர் எழுதியது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதியினர் என்பதை இந்துக்களோடு நிறுத்திற்று; 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர்; கிறித்தவர்க்கு அத்திருத்தம் வரவில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டனர். தெருவில் ஒரு பெயர், சான்றிதழில் வேறொரு பெயர், தனித்தனிக் கல்லறைத் தோட்டங்கள் வைத்திருந்த ஆலயங்களில் மற்றொரு பெயர் என மும்முனைத் தாக்குதலில் வளர்ந்தவர்க்குத் தன்னை அறிதல் என்பது ஓய்வுநேர ஆராய்ச்சியன்று, உயிர்ப் பிரச்சினை.

ஆதலின் அச்சும் செய்தித்தாளும் நமக்குப் பகையென்று நாம் கூறமாட்டோம். 1893இல் இரட்டைமலை சீனிவாசனார் ஓர் இதழ் தொடங்கினார். எப்பெயரைச் சொல்லிப் பிறர் இழிவு செய்தனரோ, அப்பெயரையே இதழின் தலைப்பாகத் துணிந்து இட்டார். 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழைத் தொடங்கினார். 1920இல் அண்ணல் அம்பேத்கர் மராத்தியில் ‘மூக்நாயக்’ இதழைக் கொணர்ந்தார். ஊமையரின் தலைவன் என்பது அதன் பொருள். இவர்கள் கையில் அச்சு எந்திரம் ஒரு கண்ணாடி. அதில் நம் மக்கள் தம் முகத்தைத் தாமே முதன்முறையாகக் கண்டனர்.

இன்று நம் கையில் இருப்பதும் கண்ணாடி போன்றே தோன்றுகின்றது. ஆனால் அது வேலை செய்யும் முறை வேறு. நம் சிறுவயதில் பஞ்சாயத்து வானொலி இரவில் ஒரு நேரத்தில் நின்றுவிடும். செய்தித்தாளுக்குக் கடைசிப் பக்கம் உண்டு. முடிந்ததும் மனிதன் தன்னிடம் திரும்புவான். கைப்பேசியின் திரைக்கோ கடைசிப் பக்கமே இல்லை. விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டேயிருக்கும் அம்முறையை 2006இல் வகுத்தவர் ஏசா ராஸ்கின் என்னும் அமெரிக்கர். தாம் செய்தது மக்களின் நேரத்தைத் தின்னுகின்றதென்று பின்னாளில் அவரே வருந்திப் பேசினார். இந்நிறுவனங்கள் நம்மிடம் காசு கேட்பதில்லை. நம் கவனத்தைப் பெற்று, அதனை விளம்பரம் செய்வோர்க்கு விற்கின்றன. ஆகவே நாம் எத்துணை நேரம் நம்மை மறந்திருக்கின்றோமோ, அத்துணை அவர்களுக்கு வருவாய். செய்தி பெருகுமிடத்தில் கவனம் வறுமையுறும் என்பதை 1971இலேயே எடுத்துரைத்தவர், பின்னர் 1978இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற எர்பர்ட் சைமன்.

கருவி புதியது; நோய் பழையது. வட ஆப்பிரிக்காவில், இன்றைய அல்சீரிய நாட்டில், 354ஆம் ஆண்டு பிறந்தவர் புனித அகுஸ்தீனார். அவர் தம் வாழ்வைக் கடவுள் முன் விரித்துரைத்து எழுதிய ‘அறிக்கைகள்’ என்னும் நூலில் தம் நண்பர் அலிப்பியு என்பாரின் கதையைச் சொல்கின்றார். அலிப்பியு சட்டம் பயில உரோமைக்குச் சென்றவர். மனிதரை மனிதர் வெட்டிச் சாய்க்கும் களரிக் காட்சிகளை வெறுத்தவர். ஒருநாள் நண்பர்கள் அவரை வலிந்து இழுத்துச் சென்றனர். உடல் அங்கிருந்தாலும் உள்ளம் அங்கிராது என்று உறுதி கூறிக் கண்களை மூடிக்கொண்டார். ஒருவன் வீழ்ந்தான்; கூட்டம் ஆர்ப்பரித்தது. அலிப்பியு காதுகளை மூடவில்லை. என்னவென்று பார்க்கக் கண் திறந்தார். திறந்த கண் மீண்டும் மூடவில்லை. வந்த மனிதராய் அவர் திரும்பவில்லை; பிறரையும் இழுத்து வரும் வெறியராய்த் திரும்பினார்.

இக்கதையில் நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. அலிப்பியு வீழ்ந்தது தீய ஆசையால் அன்று. தம் மன உறுதியின்மீது கொண்ட மிகை நம்பிக்கையால். “ஒரு நிமிடம் பார்த்துவிட்டு வைத்துவிடுவேன்” என்று கூறும் நம் அனைவர்க்கும் அவர் உறவினர். தன்னை அறிதலின் முதற்படி தன் வலுவின்மையை அறிதலே. அலிப்பியு பின்னர் மீண்டார். அகுஸ்தீனாரோடு 387இல் மிலான் நகரில் திருமுழுக்குப் பெற்றார். வீழ்ந்தவர்க்கு மீட்சி உண்டு என்பதற்கும் அவரே சான்று.

இன்னொருவரைக் காண்போம். 1521ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டுப் பம்ப்லோனாக் கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் சிதைந்த வீரர் ஒருவர், தம் இல்லத்தில் மாதக்கணக்கில் படுத்திருந்தார். அவரே லொயோலா இஞ்ஞாசியார். பொழுதுபோக்க வீரதீரக் காதற் கதைகளைக் கேட்டார். அவ்வீட்டில் அவை இல்லை. கிறித்துவின் வரலாறும் புனிதர் வரலாறும் மட்டுமே கிடைத்தன. வேறு வழியின்றிப் படித்தார். இடையிடையே வீரக் கற்பனைகளிலும் மணிக்கணக்கில் திளைத்தார். நாளடைவில் ஒன்றைக் கவனித்தார். இருவகை எண்ணங்களும் எண்ணும்போது இனித்தன. ஆனால் வீரக் கற்பனை நீங்கியபின் உள்ளம் வறண்டு கிடந்தது. புனிதர்களைப் பின்பற்றும் எண்ணம் நீங்கிய பின்னும் மகிழ்ச்சி நின்றது. இச்சிறு வேறுபாட்டைக் கவனித்த அந்நாளே அவர் தம்மை அறியத் தொடங்கிய நாள்.

இளைஞர்களே, இதனை இன்றிரவே நீங்கள் சோதித்துப் பார்க்கலாம். ஒரு மணி நேரம் திரையைப் பார்த்தபின் அதனை அணைத்துவிட்டு, ஐந்து நிமிடம் வாளா அமருங்கள். உள்ளம் எப்படி இருக்கின்றது? அமைதியா, பொறாமையா, சினமா, வெறுமையா? பார்க்கும்போது கிடைத்த சுவையை வைத்து முடிவு செய்யாதீர்கள். பார்த்தபின் எஞ்சி நிற்பதை வைத்து முடிவு செய்யுங்கள்.

இனித் திருமறைக்கு வருவோம். யோர்தான் ஆற்றில் திருமுழுக்குப் பெற்று எழுந்த இயேசு பெருமான், தாம் தந்தையின் அன்பு மகன் என்னும் குரலைக் கேட்டார். அப்போது அவர் ஒரு நோயாளியையும் குணமாக்கியிருக்கவில்லை. ஒரு கூட்டத்தையும் சேர்த்திருக்கவில்லை. எதுவும் செய்து காட்டுமுன்னரே அவர் யார் என்பது கூறப்பட்டுவிட்டது. உடனே நாற்பது நாள் பாலைநிலத் தனிமை. அங்கு வந்த சோதனைக் குரல், மகன் என்பதை மெய்ப்பித்துக் காட்டு என்று கேட்டது. கோயிலின் உச்சியிலிருந்து குதிக்கவும் சொன்னது. அவர் குதிக்கவில்லை. தாம் யார் என்பதை அறிந்தவர்க்கு அதனை மெய்ப்பிக்க ஒரு வேடிக்கை தேவைப்படவில்லை.

நாம் இன்று நாள்தோறும் அவ்வுச்சியில் ஏறி நிற்கின்றோம். நம் படத்திற்கு எத்தனை பேர் விருப்பக் குறி இட்டனர் என்று எண்ணி, அவ்வெண்ணிக்கையே நம் மதிப்பென மயங்குகின்றோம். பிலிப்புச் செசரியாவில் பெருமான் சீடர்களிடம் இரு வினாக்களைத் தொடுத்தார். மக்கள் தம்மை யாரென்று சொல்கின்றனர் என்பது முதல் வினா. அதற்கு விடை எளிது. கேட்டதைச் சொன்னால் போதும். நீங்கள் என்ன சொல்கின்றீர்கள் என்பது இரண்டாம் வினா. அதற்குக் கேட்டதைச் சொல்ல இயலாது. நம் திரைகள் முதல் வினாவிற்கான விடைகளை ஓயாது கொட்டுகின்றன. இரண்டாம் வினாவிற்கு நேரமே இல்லாமற் செய்துவிடுகின்றன.

கடவுளின் சாயலாக மனிதன் படைக்கப்பட்டான் என்கின்றது தொடக்கநூல். அவ்வாக்கில் தெரு குறிக்கப்படவில்லை, சாதி குறிக்கப்படவில்லை. தன் இன்னொரு பெயருக்குள் ஒளிந்துகொண்ட அம்மாணவனுக்கு நாம் சொல்ல விரும்புவது இதுவே: நீ மறைக்க வேண்டியது எதுவுமில்லை. உன் தெருவை இழிவென்று சொன்னவன்தான் தன்னை அறியாதவன்.

அறிவுரை கூறும் நாம் குற்றமற்றவர் அல்லோம். சில ஆண்டுகளுக்கு முன் எம் அன்னையார் நோயுற்றுப் படுத்திருந்தார்கள். ஒருநாள் மாலை, தம் மாமனார் எந்த ஊரிலிருந்து எந்தப் பஞ்சத்தில் இங்கு வந்தார், எந்த மரத்தடியில் முதன்முதல் செபம் கற்றார் என்றெல்லாம் சொல்லத் தொடங்கினார்கள். நாம் அருகில்தான் அமர்ந்திருந்தோம். கையில் கைப்பேசி. தேர்தல் நேரம்; வாட்ஸ்அப்பில் செய்திகள் குவிந்துகொண்டிருந்தன. “உம், உம்” என்றோமேயன்றிக் கேட்கவில்லை. அவர்கள் சற்று நேரம் எம்மைப் பார்த்தார்கள். பின்னர், “வேலை பாருப்பா, அப்புறம் சொல்றேன்” என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்கள். அந்த ‘அப்புறம்’ வரவேயில்லை. அம்மாதமே இறைவனடி சேர்ந்தார்கள். அன்று படித்த தேர்தல் செய்திகளுள் ஒன்றேனும் இன்று நினைவில் இல்லை. எம் பாட்டனார் பிறந்த ஊர் எதுவென்பதை இனி எந்த ஏட்டிலும் தேடிக் காண இயலாது. அந்தப் பக்கத்தைத் தொலைத்தவர் நாமே.

லூக்கா நற்செய்தியில் வரும் ஊதாரி மகன் தொலைநாட்டில் எல்லாவற்றையும் இழந்தபின், தன் நிலை உணர்ந்த பிறகே வீடு நோக்கி நடந்தான். முதலில் தன்னிடம் திரும்பினான். பின்னரே தந்தையிடம் திரும்பினான். இவ்வரிசை மாறுவதில்லை.

இறுதியாக, செயலுக்குரிய மூன்று செய்திகள். முதலாவது, இஞ்ஞாசியார் தம் ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ என்னும் நூலில் நாள்தோறும் செய்யுமாறு வகுத்த ஆன்மச் சோதனை. திருத்தந்தை மூன்றாம் பவுல் 1548இல் ஒப்புதல் அளித்த அந்நூலில் அதற்கு ஐந்து படிகள்: பெற்ற நன்மைகளுக்கு நன்றி கூறுதல், தன்னைக் காண ஒளி வேண்டுதல், அன்றைய நாளை ஒவ்வொரு வேளையாக நினைத்துப் பார்த்தல், தவறுகளுக்கு மன்னிப்புக் கேட்டல், திருந்த உறுதி கொள்ளுதல். பதினைந்து நிமிடம் போதும். பிற சமயத்தாரும் தத்தம் வழியில் செய்யலாம். இரண்டாவது, உண்ணும் நேரத்திலும் உறங்கும் அறையிலும் கைப்பேசிக்கு இடமில்லை என வீட்டார் அனைவரும் கூடி முடிவு செய்தல். பெற்றோரே முதலில் கடைப்பிடித்தல். அலிப்பியுவைப் போல மன உறுதியை மட்டும் நம்பாதீர்கள். கருவியை அடுத்த அறையில் வையுங்கள். மூன்றாவது, நம் சங்கத்தின் இரவுப் பாடசாலை மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டு முதியவர் ஒருவரிடம் அமர்ந்து, அவர் வாழ்க்கையைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதுதல். எழுதி முடித்த நோட்டுகளைச் சங்கத்தின் நூலகம் பாதுகாக்க வேண்டுமெனத் தலைவரை இம்மேடையிலேயே கேட்டுக்கொள்கின்றோம். அதே கைப்பேசியால் அவர்கள் குரலைப் பதிவு செய்தாலும் நன்று. கருவி அப்போது நமக்கு ஊழியம் செய்யும்.

இன்று வீடு திரும்பியதும் உங்கள் பாட்டியிடமோ தாத்தாவிடமோ சென்று அமருங்கள். அவர்கள் சொல்லத் தொடங்கினால் குறுக்கிடாதீர்கள். ‘அப்புறம்’ என்று மட்டும் சொல்லாதீர்கள்.